சோதனை நோயாளி வந்த நாள்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் மருத்துவர்களைச் சோதிக்க ஆண்டுக்கொரு முறை சோதனை நோயாளி வரும். அது எந்திரம்தான், ஆனால் வியர்க்கும், இருமும், ஊசியைக் கண்டால் முகம் சுளிக்கும். தேர்வு நாளில் எந்த நேரத்தில், எந்த முகத்தோடு வரும் என்று எந்த மருத்துவருக்கும் தெரியாது. இரண்டாம் ஆண்டாகத் தேர்வுப் பாடம் பாலியல் நலமும் எச்.ஐ.வி. தடுப்பும். பூமியை விட்டு வந்த மனிதர்கள் அந்தக் கிருமியையும் விட்டுவிட்டு வரவில்லை. அதைப் பற்றிப் பேசக் கூசும் நாக்கையும் விட்டுவிட்டு வரவில்லை.

டாக்டர் நாச்சியப்பனுக்கு அன்று தேர்வு நாள். கைராசிக்காரர், தங்கமான மனிதர். பாடம் முழுக்கத் தலைகீழாகத் தெரியும். நோயாளி எதிரே உட்கார்ந்தால்தான் பேச வாய் வராது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்ல பழக்கம் இருந்தா ஒண்ணும் வராது, தண்ணி நிறையக் குடிங்க" என்று அனுப்பிவிடுவார். போன ஆண்டு அப்படித்தான் தோற்றார். இந்த முறையும் தோற்றால் உரிமம் போய், மாணவர்களோடு பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

காலையில் பனிச்சுரங்கத் தொழிலாளி மதலைமுத்து வந்தான். உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான். "டாக்டர், அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். பொண்ணுக்கு எச்.ஐ.வி. இருக்கு. மறைக்காம சொல்லிட்டா. எனக்கு அவதான் வேணும். நான் என்ன செய்யணும்?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. எந்த மனிதன் இப்படி வாய்விட்டுக் கேட்பான்? சந்தேகமே இல்லை, எந்திரம். எந்திரத்திடம் என்ன வெட்கம்? மடமடவென்று பேசினார். அவள் மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தச் சோதனையில் கிருமி தென்படாத நிலை நீடித்தால் உறவினால் அவனுக்குத் தொற்றாது என்றார். அதுவரை அவனுக்குத் தொற்றைத் தடுக்கும் மருந்து ஊசி, கூடவே ஆணுறை. "பொண்ணையும் கூட்டிட்டு வாப்பா, அவ பயத்தையும் பேசிடலாம்" என்றார்.

மதலைமுத்து அழுதான். கண்ணீரைக்கூட எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று டாக்டர் வியந்தார்.

மதியம் ஒரு பெண் தலைவலி என்று வந்தாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினாள். "வேற ஒண்ணு... இல்ல டாக்டர், விடுங்க."

பாவம், மனுஷி. டாக்டர் தொண்டையைச் செருமினார். "தண்ணி நிறையக் குடிங்கம்மா."

மாலையில் முடிவு வந்தது. தோல்வி. நாளையிலிருந்து மாணவர்களோடு வகுப்பு. தலைவலிப் பெண்தான் எந்திரம். நிஜ நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள், அதனால்தான் அவ்வளவு தயங்கியது.

அப்படியானால் காலையில் வந்தவன்? டாக்டருக்கு முகமெல்லாம் சூடேறியது. ஒரு மனிதனிடம், அதுவும் நேருக்கு நேராக, என்னவெல்லாம் பேசிவிட்டார்!

கதவு திறந்தது. மதலைமுத்து நின்றான், பக்கத்தில் ஒரு பெண். "இவதான் டாக்டர், செலின். பிள்ளை பெத்துக்கவே முடியாதுன்னு அழுதுட்டே இருக்கா. காலையில எங்கிட்ட பேசின மாதிரியே இவகிட்டயும் பேசுங்க. எந்த டாக்டரும் எங்ககிட்ட அப்படிப் பேசினதில்ல."

டாக்டர் தொண்டையைச் செருமினார். 'தண்ணி' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செலின் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை அவரை என்னவோ செய்தது. கண்ணை மூடிக்கொண்டு, 'இரண்டும் எந்திரம், இரண்டும் எந்திரம்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார்.

"உட்காரும்மா" என்றார். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீ தாராளமா பிள்ளை பெத்துக்கலாம்."