ஏழாவது கட்டம்

ஐந்தாம் பக்கத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன. கருணாகரன் போட்டது ஆறு.

மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு. பதினோரு வருஷமாகப் படக்கதை போடுகிறவனுக்கு இதில் கணக்குத் தப்புவது, சாப்பிடும்போது வாய் எங்கே இருக்கிறது என்று மறந்துபோகிற மாதிரி. ஆனாலும் விரலை வைத்து எண்ணினான். ஆறு கட்டங்களுக்கும் கீழே, ஓரத்துக்காக விட்டிருந்த வெள்ளையில், ஒரு விரல் உயரத்துக்கு ஏழாவதாக ஒரு கட்டம் படுத்திருந்தது. அவன் பேனாதான், அவன் கோடுதான். ஆறாவது கட்டத்தில் தெருவும் ஒரு வீட்டின் மூடிய கேட்டும். ஏழாவதில் அதே கேட் திறந்திருந்தது.

நைட் ஷிப்ட் புத்தி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டான். தூக்கக் கலக்கத்தில் போட்டிருப்போம்.

கருணாகரன் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். நிலக்கரிக்கு அடியில் கிடக்கிற தண்ணீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சுரங்கம் ஏரியாகிவிடும். ராத்திரி முழுக்கப் பம்புகளோடு கிடந்துவிட்டுக் காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவான், இட்லியைத் தின்றுவிட்டுப் படுப்பான், பன்னிரண்டு மணிக்கு எழுந்து படம் போட உட்காருவான், மூன்று மணிக்கு மேல் மறுபடி ஒரு தூக்கம் போடுவான். சென்னையில் ஒரு சின்னப் பத்திரிகை அவன் கதைகளை மாதாமாதம் வெளியிட்டது. அவன் குடியிருக்கிற கம்பெனி குவார்ட்டர்ஸ் பிளாக்கில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களோ, பொம்மை போடுகிற ஆபரேட்டர் என்று கேலி செய்வார்கள்.

நைட் ஷிப்ட்காரர் தூங்குகிற வீடு என்றால் குவார்ட்டர்ஸில் தனி மரியாதை. பக்கத்து வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்காது, ரேடியோ கூடச் சன்னமாகத்தான் பாடும். ஆனால் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அது தெரியுமா? அதனால் அவன் மனைவி தமயந்தி மதியம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, வாசல் கதவை வெளியே பூட்டிக்கொண்டு தையல் வகுப்புக்குப் போவாள். பூட்டைப் பார்த்தால் யாரும் தட்ட மாட்டார்கள். நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து மகள் சுப்புவையும் கூட்டிக்கொண்டு வந்து திறப்பாள். சாவி ஒன்றுதான், அது அவளிடம். இந்த ஏற்பாட்டைச் சொல்லிக் கொடுத்தவனே கருணாகரன்தான்.

சுப்புவுக்கு ஆறு வயது. அவளுக்கும் ஒரு பாடம் சொல்லி வைத்திருந்தார்கள். அப்பா தூக்கத்தில் என்ன கத்தினாலும் பதில் சொல்லக் கூடாது. பாதித் தூக்கத்தில் எழுந்தால் அப்பாவுக்குத் தலை வெடித்துவிடும். பதினைந்து நாளாகவே அவன் தூக்கத்தில் கத்திக்கொண்டிருந்தான்.

எல்லாம் இந்தக் கதை தொடங்கியதிலிருந்து. பத்திரிகை ஆசிரியர் சங்கரலிங்கம் கார்டில் எழுதியிருந்தார்: 'பேயை வரையாதீர்கள் தம்பி. பேயின் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை மட்டும் வரையுங்கள். பயம் கட்டத்துக்குள் இல்லை, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கிற வெள்ளையில் இருக்கிறது. பேயின் முகம் கடைசிப் பக்கத்தில், புரட்டினால்தான் தெரிய வேண்டும். அது தெரிந்த முகமாக இருக்கட்டும். தெரியாத முகத்துக்கு யார் பயப்படுவார்கள்?'

நல்ல யோசனைதான். அவன் எட்டுப் பக்கத்துக்கு ஒரு நோட்டுத் தைத்தான். புரட்டிப் பார்த்தால்தானே கதை எந்தப் பக்கத்தில் எங்கே திரும்புகிறது என்று தெரியும். ஒரு ரோடு, அப்புறம் ஒரு தெரு, அப்புறம் ஒரு வீடு, கட்டத்துக்குக் கட்டம் நெருங்கி வருகிற பார்வை. எந்த வீட்டை வரைவது என்று தேடப் போகச் சோம்பல்பட்டு, தன் வீட்டையே வரைந்துவிட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான். முகம் மட்டும் பதினைந்து நாளாக வரவில்லை. பல் வைத்தான், கண்ணை எடுத்தான், எதுவும் பயமாக இல்லை. ஆறாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கம் வரை வெறுமையாகவே இருந்தது.

மணி ரெண்டே கால். ரெண்டாம் ஷிப்ட் சங்கு ஊதி அடங்கி, போகிற பஸ் போய், வருகிற பஸ் வந்து, சித்திரை வெயிலில் பிளாக் முழுக்கக் கதவடைத்துக் கிடந்தது. மேலே ஃபேன் கிறீச் கிறீச் என்று சுற்றியது. பக்கம் பறக்காமல் இருக்க ஒரு பழுப்பு நிலக்கரிக் கட்டியைத் தூக்கி வைத்திருந்தான். ஈர மண்ணும் மட்கிய மரமும் கலந்த அதன் வாசனை மேஜை மேல் எப்போதும் உண்டு. பேனாவைத் தோய்த்தபடி தற்செயலாக ஜன்னல் பக்கம் பார்த்தான்.

கேட் திறந்திருந்தது.

தமயந்தி கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவள் இல்லை. ஆடு வந்து செம்பருத்தியைத் தின்றுவிடும் என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவாள். காற்றாக இருக்கும் என்று நினைத்தான். முருங்கை இலை ஒன்று கூட அசையவில்லை.

அப்போதுதான் முந்தாநாள் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. மந்தாரக்குப்பத்திலிருந்து கீரை கொண்டுவருகிற மாணிக்கம்மாள் தமயந்தியிடம் சொல்லியிருந்தாள். "மத்தியானத்துல அய்யா ஒங்க கேட்டாண்ட வெயில்ல நின்னுகினு இருந்தாருங்க. கீர வேணுமான்னு கேட்டன், திரும்பியே பாக்கல. முதுவக் காட்டிக்கினே நின்னாருங்க." தமயந்தி அதைச் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த நேரத்தில் அவன் பூட்டிய வீட்டுக்குள் இதே நாற்காலியில் இருந்தான்.

சமையலறைக்குப் போய்ப் பின்கதவைப் பார்த்தான், தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்து, டம்ளரை மேடையில் வைத்துவிட்டு வந்தான்.

ஆறாம் பக்கம் திறந்திருந்தது. நிலக்கரிக் கட்டி தள்ளி இருந்தது. பக்கத்தின் மேல்பாதி முழுக்க ஒரே பெரிய கட்டம். வாசல் கதவு, அதில் தொங்குகிற பூட்டு. பூட்டின் கீழ்விளிம்பில் சுப்பு கல்லால் தட்டிய நசுக்கல் கூட இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால்தான் அது தெரியும்.

மை இன்னும் காயவில்லை.

வாசல் கதவுக்கு அடியில் வெயில் ஒரு கோடாக உள்ளே விழுவது வழக்கம். அந்தக் கோட்டில் இப்போது இரண்டு இடம் கறுப்பாக இருந்தது, இரண்டு கால் நிற்கிற அகலத்தில். கருணாகரன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். கறுப்பு மெல்ல இடதுபக்கம் நகர்ந்தது. கோடு முழுதானது. அப்புறம் பக்கச் சுவரை ஒட்டிக் காய்ந்த இலைகள் மிதிபடுகிற சத்தம், நிதானமாக, ஒன்று விட்டு ஒன்று.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே எதுவும் இருட்டாக இல்லை. கண் கூசுகிற பட்டப்பகல்.

அவனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். பெரிய கட்டம் போட்டால் கதையில் நேரம் நிற்கும், சின்னச் சின்னதாகப் போட்டால் நேரம் ஓடும். உட்கார்ந்து, ஆறாம் பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரே கட்டமாக வெறும் சுவரை வரைய ஆரம்பித்தான். செங்கல் செங்கலாக. கதவில்லாத, ஜன்னலில்லாத சுவர். நாலு மணி வரைக்கும் செங்கல் போடுவேன், அதற்குள் இது சலித்துப்போய்விடட்டும் என்று நினைத்தான்.

நாலு மணிக்கு யார் வருவார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மணி மூன்றே முக்கால் ஆகியும் பேனா செங்கலில்தான் இருந்தது. அவன் கண்ணெதிரே சுவருக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. இன்னொரு கோடு. சுவர் நாலாக வெட்டுப்பட்டது, நாலும் எட்டானது. ஒன்றில் கொடியில் காய்கிற துணி, அதன் மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல். ஒன்றில் தண்ணீர்த் தொட்டி. ஒன்றில் பின்கதவு. அடுத்ததிலும் பின்கதவு, தாழ்ப்பாளோடு.

தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது.

அடுத்த கட்டத்தில் மேடை மேல் டம்ளர். விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காமல் நின்றது.

சமையலறையில் யாரோ டம்ளரை எடுத்துக் கீழே வைத்தார்கள்.

கருணாகரன் எழுந்து ஓட நினைத்தான். எங்கே ஓடுவது? முன்னால் பூட்டு. ஜன்னலில் கம்பி. பின்கதவுக்குப் போக வேண்டுமானால் சமையலறை வழியாகப் போக வேண்டும். எதிர் வீட்டு வெள்ளைச்சாமியும் நைட் ஷிப்ட், அடித்துப் போட்டது போலத் தூங்குவான். கத்தலாம். இந்த வீட்டிலிருந்து கத்தல் கேட்பது பதினைந்து நாளாக எல்லாருக்கும் பழக்கம்தான். எழுந்திருக்கத்தான் நினைத்தான், இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. பேனா பிடித்த கை மட்டும் காகிதத்தின் மேல் ஆணி அடித்த மாதிரி கிடந்தது.

ஏழாம் பக்கம். வலதுபக்கம். இதற்குப் பிறகு புரட்ட வேண்டியதுதான்.

ஒல்லியான கட்டங்கள், கம்பி கம்பியாக. சமையலறைத் திரை. திரை விலகல். ஹாலில் ஒரு மேஜை. ஒரு நாற்காலியின் முதுகு. பனியன் போட்ட ஒரு ஆளின் முதுகு.

பனியனில் இடது தோளில் கிழிசல்.

குனிந்து தன் தோளைப் பார்க்கக் கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை. கிழிசல் இருப்பது அவனுக்குத் தெரியும். காலையில்தான் தமயந்தி தைத்துத் தருகிறேன் என்றாள்.

அடுத்த கட்டம். பிடரி. பிடரி மயிரில் ஒரு வேர்வைத் துளி.

அவன் பிடரியில் அந்தத் துளி இறங்கிற்று. பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. ஈர மண்ணும் மட்கிய மரமும் கலந்த வாசனை மட்டும், மேஜையிலிருந்து இல்லை, பின்னாலிருந்து.

இன்னும் முகம் இல்லாததுதானே அது. அவன்தான் வரைந்து தரவில்லையே. முகமில்லாமல் எங்கே போகும், என்ன செய்யும் என்று ஒரு கணம் ஆறுதல் கூட வந்தது.

வெளியே செருப்புச் சத்தம். கேட் சாத்துகிற சத்தம்.

"கேட்டத் திறந்து போட்டது யாரு? ஆடு பூந்துருக்கும்," தமயந்தியின் குரல். அப்புறம் சுப்புவின் வாய்ப்பாடு, மெல்லிசாக, பாட்டாக.

ஏழாம் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் பாக்கி. கீழே, வலது மூலையில். அது நிரம்பியது. ஒரு மனிதனின் தோளுக்கு மேலிருந்து பார்த்தால் தெரிகிற வாசல் கதவு. அடியில் வெயில் கோட்டில் இப்போது நாலு நிழல்கள், இரண்டு பெரிசு, இரண்டு சின்னது.

"திறக்காத!" கருணாகரன் கத்தினான். "தமயந்தி, திறக்காத! பிள்ளையத் தூக்கிட்டு ஓடிடு!"

வாய்ப்பாடு நின்றது.

"அம்மா, அப்பா கத்துறாங்க."

"கனவு கண்டு கத்துறாங்கம்மா. பதில் பேசாத. மெதுவா வா."

"கனவு இல்ல! நான் முழிச்சிருக்கேன்! திறக்காத!"

"பாவம்," என்றாள் தமயந்தி, மகளிடம் குசுகுசுவென்று. அவர் தூக்கம் கலையக் கூடாது என்று பூட்டைக் கையால் பொத்திப் பிடித்துச் சத்தமில்லாமல் திறந்தாள். அவன் சொல்லிக் கொடுத்தபடி.

கதவு திறந்தது. வெயில் ஹாலுக்குள் கொட்டியது. நேர் எதிரே நாற்காலியில் அவன் இருந்தான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. தமயந்தியின் கண் அவன் மேல் வந்தது, நிற்கவில்லை, அவனைத் தாண்டி அவன் தலைக்கு மேலே போய் நின்றது. அவள் முகம் மலர்ந்தது.

"முழிச்சிட்டீங்களா? அப்படிக் கத்துனீங்களே."

"கெட்ட கனா," என்றது அவனுக்குப் பின்னால் ஒரு குரல். அவன் குரல்.

சுப்பு பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அப்பா!" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சிவப்பு ரிப்பன் ஆட, நேராக அவனைப் பார்த்து ஓடி வந்தாள். அவனைக் கடந்து போனாள். அவள் பாவாடை அவன் முழங்கையில் உரசியது. பின்னால் அவளைத் தூக்குகிற சத்தம், அவள் சிரிப்பு. ஆடுகிற அவள் கால் அவன் தோளில், கிழிசல் இருக்கிற இடத்தில், ஒரு தரம் இடித்தது.

"அப்பா, பேய்க்கு மூஞ்சி வரைஞ்சாச்சா?"

"ஆச்சு கண்ணு."

தமயந்தி கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். அவன் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்தது. நடுவிரலில் பேனா பிடித்துக் காய்த்த அதே இடத்தில், அதே மைக்கறை. அது நிலக்கரிக் கட்டியை எடுத்து ஓரமாக வைத்தது. ஏழாம் பக்கத்தின் கீழ்மூலையை இரண்டு விரலால் பிடித்துப் புரட்டத் தொடங்கியது.