கிழக்கு ஜன்னலுக்கு எந்தப் பூ?

"நல்ல மழை, இல்லைங்க?"

அம்சவள்ளி திரும்பி முறைத்தாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து நர்சரி அது. பச்சை வலைக்கூரையிலிருந்து சொட்டிய ஒரு துளி அவள் நெற்றியில் விழுந்து வழிந்து, இமையில் வந்து நின்றது. சித்திரை மாதத்து மழை. எதிரே நின்றவன் மண் ஒட்டிய கையை வெளியே நீட்டி, யாரோ பரிசு கொடுத்தது போல மழையை ஏந்திக்கொண்டிருந்தான்.

"யாருக்கு நல்ல மழை?"

"எல்லாருக்கும்தான். எங்க ஊரு பிரம்மதேசம்ங்க. வீட்ல எள்ளு வெதைச்சிருக்கோம். எங்கம்மா இந்நேரம் வாசல்ல நின்னு நனைஞ்சுக்கிட்டு இருக்கும்."

"எங்கம்மா இந்நேரம் தார்ப்பாயத் தூக்கிக்கிட்டு உப்பளத்துல ஓடிக்கிட்டு இருக்கும். குவிச்ச உப்பெல்லாம் கரைஞ்சு போனா நீங்களா தருவீங்க?"

நீட்டிய கை தானாக மடங்கியது. வாங்கிய பரிசைத் திருப்பிக் கொடுப்பவன் போல அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"சாரிங்க... தோணல. ஆனா, மழைய நிறுத்துற செடி நம்மகிட்ட இல்ல. வேற என்ன வேணும்?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். கண்கள் கேட்கவில்லை... சிரித்துவிட்டன. நர்சரிக்காரன் தமிழ்வேந்தன் அதைப் பார்த்துவிட்டான்.

ஜன்னலில் மாட்டும் தொட்டிகளுக்குப் பூச்செடி வேண்டும் என்றாள். புதுச்சேரியில் பழைய வெள்ளைக்காரத் தெருக்களில் ஜன்னலுக்கு ஜன்னல் பூ தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்த அம்மாவுக்கு, தங்கள் வீட்டிலும் அப்படி இருக்க வேண்டும். அவன் ஒவ்வொரு செடியாக எடுத்துக் காட்டினான். காசித்தும்பை, செவ்வந்தி, பெட்டூனியா... வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டான். கிழக்கு என்றாள். ஊதா பெட்டூனியாவைத் தொட்டுப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டாள்.

"இது இருக்கட்டும். சீக்கிரம் வந்து மாட்டிக் குடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. புதுச்சேரிக்காரங்க."

அவன் கையிலிருந்த செடி ஒரு கணம் அப்படியே நின்றது.

"அப்ப... நல்லதாவே எடுத்துத் தரேன்" என்றான், செடியைப் பார்த்துக்கொண்டே.

*

தொட்டிகளை மாட்ட மறுநாள் வந்தான். வீட்டை ஒட்டிய உப்பளத்தில், மழை விட்ட பாத்திகளில் வானம் முழுதாக இறங்கிக் கிடந்தது. காசிலிங்கம், அவள் அப்பா, கரைந்தது போக மிஞ்சிய உப்பை வாரிக்கொண்டிருந்தார். அம்மா வாசலிலிருந்த உப்பு வாரும் பலகையைக் கொல்லைப்புறத்துக்கு எடுத்துப் போனாள்.

"வியாபாரக் குடும்பம்னு தரகர் சொல்லி வெச்சிருக்காரு. இதையெல்லாம் பாத்துட்டு எவன்டி பொண்ணு எடுப்பான்?"

அவன் காதில் விழுந்திருக்கும். விழாதது போல ஆணியைக் கேட்டான். அவள் கொடுத்தாள். விரல்கள் படவில்லை, பட்டுவிடுமோ என்ற தவிப்பு மட்டும் பட்டது.

"அந்தக் குவியல் வெயில்ல எவ்ளோ வெள்ளையா இருக்குது" என்றான். "இத ஏன் மறைக்கிறாங்க?"

அம்சவள்ளி அடுத்த ஆணியை எடுத்து நீட்டினாள். மரக்காணம் கிளினிக்கின் லேபில் நாளெல்லாம் அடுத்தவர் ரத்தத்தைப் பரிசோதிப்பவளுக்கு, தன் நெஞ்சு ஏன் இப்படி அடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. 'யாரையாச்சும் மனசுல வெச்சிருக்கியா?' என்று அம்மா போன மாதம் கேட்டாள். இல்லை என்றாள். உண்மைதான்... ஆனால் அது மழைக்கு முந்தின உண்மை.

அவன் போன பிறகு காலையிலும் மாலையிலும் அவளே தண்ணீர் ஊற்றினாள். ஜன்னலருகே அவளுக்கு வேலை கூடியது. சாலையில் எந்த மினி வேன் ஒலித்தாலும் கை குவளையோடு நின்றது. எதுவும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

வாரம் முடிவதற்குள் பெட்டூனியா கருகிவிட்டது.

"செத்த செடிய வித்திருக்கீங்க" என்று, பிடுங்கி வந்த ஒன்றை நர்சரி மேசைமேல் போட்டாள். செடி போன கோபம் பாதி. இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவன்மேல் கோபம் மீதி.

"உசுரோடதாங்க குடுத்தேன். தண்ணி காட்டாம காய விட்டா நான் என்ன பண்றது?"

"காய விட்டேனா? நான் ரெண்டு வேளையும் ஊத்தினேன்!"

"ஊத்தியிருந்தா சாவாது. கல்யாணக் கனவுல மறந்திருப்பீங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கே சுட்டது. அவள் கண்கள் நிறைந்தன. வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

*

சனிக்கிழமை காலை, மினி வேன் வீட்டு வாசலில் நின்றது.

அவள் கதவோரமாக நின்றாள். அவன் நேராக ஜன்னலுக்குப் போனான். தொட்டி மண்ணின்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் சுளித்தது.

"எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?"

"போர் தண்ணி. வேற எது? குடிக்கத்தான் கேன் வாங்குறோம்."

"உப்புத் தண்ணிங்க இது!"

"எங்க வீட்டுத் தண்ணி அப்படித்தான் இருக்கும்..."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்தது. பிறந்ததிலிருந்து குளிப்பதும் துவைப்பதும் இதில்தான். செடிக்கு வேறு தண்ணீர் வேண்டும் என்று தோன்றவே இல்லை. எள்ளு வயல் கிணற்றில் வளர்ந்தவனுக்கோ, தண்ணீர் உப்பாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"அப்ப நான் பாத்துப் பாத்து ஊத்தினதுலதான்..."

"நான் கேட்டிருக்கணும். வெயிலக் கேட்டேன், தண்ணியக் கேக்கல. அன்னிக்குப் பேசினது தப்புங்க. கோபம் செடிமேல இல்ல."

"பின்ன யார்மேல?"

அவன் வேனின் பின்கதவைத் திறந்தான். ஒரு பக்கம் பூத்துக் குலுங்கும் ஊதா பெட்டூனியா. மறுபக்கம் ஈர மணலோடு சுருட்டி வைத்த கொடி. ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலை. கடற்கரையில் அவள் சிறு வயது முதல் மிதித்து நடந்த அடம்பங்கொடி.

"இந்த ஊதாவ இப்ப வெச்சா, நாளைக்கு அவங்க வரும்போது ஜன்னல் நெறைய பூ இருக்கும். அடுத்த வாரம் செத்துடும். இந்தக் கொடி உப்புலயே பொழைக்கும்... ஆனா நாளைக்கு ஒரு பூ இருக்காது. பூக்க ஆடி ஆவும். அப்ப நீங்க... இந்த வீட்ல இருக்க மாட்டீங்க." குரல் தாழ்ந்தது. "எது வெக்கட்டும்?"

தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இருவரும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உங்க எள்ளுக்கு நல்லதுதானே?" என்றாள்.

"நல்லதுதான். எங்க வீடே மழைக்கு வேண்டிக்கிட்டு இருக்குது. நான் ஒருத்தன் மட்டும் இந்த வாரம் பூரா பேஞ்சுடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்."

"விவசாயி வீட்டுப் புள்ள சொல்ற பேச்சா இது?"

"இல்லீங்க... எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும்." அவன் சிரிக்க முயன்றான், முடியவில்லை. "இங்க நீங்க தார்ப்பாயோட ஓடுவீங்களேன்னுதான் நெனைப்பு வருது. வேற எதுவும் வரல."

உப்புக்காற்று அவள் முந்தானையை இழுத்தது. அவள் பிடிக்கவில்லை. வேனுக்குள் குனிந்து, மணல் உதிர உதிர அந்தக் கொடியை எடுத்துவந்து தொட்டியில் பதித்தாள். குவளையில் போர் தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.

"அம்சா! பூ எங்கடி? நாளைக்கு அவங்க வந்து எதப் பாப்பாங்க?" உள்ளிருந்து அம்மாவின் குரல்.

"அவங்க வர வேணாம்மா." கொடியின் அடியில் மண்ணை அழுத்தினாள். "அப்பாவ போன் பண்ணிச் சொல்லச் சொல்லு. அப்படியே அந்தப் பலகையையும் வாசல்லயே கொண்டாந்து வை. நாம உப்பளத்துக்காரங்கதான்னு இவருக்குத் தெரியும்."

உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது.

தமிழ்வேந்தன் அசையாமல் நின்றான். அம்சவள்ளி அவனைப் பார்த்தாள்... கண்களைத் தாழ்த்தாமல்.

"ஆடியில பூக்கும்னீங்களே. கூட இருந்து பாக்கணும்."

முதல் துளி இருவருக்கும் நடுவே விழுந்தது. "டேய், யார்ரா அங்க? தார்ப்பாயப் புடி!" என்று அளத்திலிருந்து காசிலிங்கம் கத்தினார். பிரம்மதேசத்துக்காரன் அவளுக்கு முன்னால் ஓடினான்.