அடுத்த துண்டு

ஹெட்போனில் ஒரு வெளித்தாழ்ப்பாள் இழுபட்டது. பாதியில் சிக்கி, கொஞ்சம் மேலே தூக்கினால்தான் நகரும் தாழ்ப்பாள். மதியம் அவள் தன் வீட்டுக்குப் போட்டுவிட்டு வந்ததைப் போலவே.

யார், எங்கே பதிவு செய்கிறார்கள் என்று தெரியாது. ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஆளுக்கொரு மேசையாகப் பிரித்த தடுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பங்கிடுவார்கள். கேட்டதைத் தட்டச்சு செய்வதுதான் அவள் வேலை. அடுத்து நடந்தது இடப்பக்கத் தடுப்புக்குப் போகும், அதற்கடுத்தது அதற்கும் அடுத்த தடுப்புக்கு. அங்கே போய் விசாரித்தால் வேலை போய்விடும். செல்போனை வாசல் பெட்டகத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

"முழுசா தெரிஞ்சா சோறு இறங்காதும்மா" என்று சேர்ந்த அன்றே மேலாளர் சிரித்தார்.

அவளுக்கு அது ஒத்துப்போனது. படுக்கையில் கிடக்கும் அக்காவை விட்டால் பேச ஆளில்லை. இங்கே யாரும் பேசக் கூடாது என்பதால் அது உறுத்தவில்லை. இடப்பக்கத்து ஆளை அவர் இருமலை வைத்துத்தான் தெரியும்.

உலகத்தில் தாழ்ப்பாளுக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடி அவள் முறை வந்தபோது, இறக்கை உரசும் மின்விசிறியும், பிளாஸ்டிக் வாளியில் சொட்டும் தண்ணீரும், யாரோ புரண்டு படுக்க இரும்புக் கட்டில் முனகுவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. இடி இடித்தது, ஹெட்போனிலும் ஜன்னலுக்கு வெளியேயும் ஒரே நேரத்தில்.

"யாரு?"

அக்காவின் குரல். துண்டு முடிந்துவிட்டது.

எழுந்தாள். தடுப்பைச் சுற்றிப் போனாள். நரைத்த தாடியோடு ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு வந்தத குடுங்க."

"வேலை போயிடும்மா."

"எங்க அக்கா சார் அது."

அவர் இருமினார். பிறகு ஹெட்போனைக் கழற்றி நீட்டினார். அவள் காதில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான்க்கா. இன்னிக்கு சீக்கிரம் விட்டுட்டாங்க."

அவளுடைய குரல். 'க்கா'வில் அவளுடைய அதே இழுப்பு. பிறகு கதவு உள்ளே தாழிடப்பட்டது.

முடிந்தது.

அடுத்த தடுப்பு. ஒரு பெண். ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தாள்.

"என்ன கேட்டுச்சு?"

இவள் குரலைக் கேட்டதும் அந்தப் பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். சுவர் தடுக்கும்வரை நகர்ந்தாள். இவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாயையே பார்த்தாள்.

மேசையில் ஹெட்போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. இவள் குரலில். கொஞ்சலாக.