ரோட்ஸ் தீவுக்குப் போன பையன்

கண்டி நகரில், புடைவைக் கடையொன்றின் மாடியில் இருந்த பஹீமின் துப்பறியும் அலுவலகத்துக்குக் காலையிலேயே மூச்சுவாங்க ஏறி வந்தார் மஹய்யாவப் பகுதி ராஜலிங்கம். முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

“எம் பொண்ணு சுதர்சினியைப் பார்க்க, கம்பளையில இருந்து நேத்து ஒரு பையன் வந்தான். பேரு ஜெயராஜ். டயர்க் கடை வச்சிருக்கான். பொண்ணுக்குப் பிடிச்சுப் போச்சு. இன்னிக்குச் சாயந்திரம் பதில் கேட்டு வர்றான். எனக்குத்தான் மனசு ஒப்பல.”

“என்ன பிரச்சினைன்டு செல்லுங்க,” என்றார் பஹீம். அலவத்துகொடக்காரரான அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. உதவியாளர் கணேசுக்கு நிதானம் என்பதே கிடையாது. ஆள் அதற்குள் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

“நல்லா வியாபாரம் பண்ணினான்னு டயர் கம்பனி அவனைக் கிரேக்க நாட்டு ரோட்ஸ் தீவுக்குச் சுற்றுலா அனுப்பிச்சாம். போன வாரந்தான் வந்தானாம். கோட்டை, கிராமம், கடற்கரைன்னு விடாம அளந்தான். இந்தப் போட்டோவையும் அனுப்பினான். என் மச்சான் ரவிகுமார் ஸ்டூடியோக்காரர். பார்த்த உடனே ஒட்டு வேலைன்னுட்டார்.”

பஹீம் கைபேசியை வாங்கிப் பார்த்தார். நீலக் கடல். கீழே வெள்ளை வெள்ளையாய் வீடுகள். மலையுச்சியில் பழைய தூண்கள். நடுவில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஜெயராஜ், வெறுங்காலோடு. பின்னால் நின்ற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் சப்பாத்து போட்டிருந்தார்கள். அவர்களில் இருவர் எதையோ குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“வெளிநாட்டுல எவனாவது வெறுங்காலோட நிப்பானா? வீட்டு முற்றத்துல எடுத்து ஒட்டியிருக்கான்னு மச்சான் சொல்றார். நடையும் சரியில்ல. பொண்ணு பார்க்க வந்தவன் பட்டுவேட்டி கட்டிட்டு, பாத்ரூம் செருப்போட வந்து நிக்கிறான் ஐயா!”

“சந்தேகமே இல்ல, பொய்க்காரன்!” என்று குதித்தார் கணேஸ். “கம்பனிக்குப் போன் போட்டுக் கேட்ருவோமா?”

“கேட்டா கம்பளை பூராவும் சிரிக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டுன்னா கல்யாணமே நின்னு போகும். அவன் பொய்யன்னா எம் பொண்ணு வாழ்க்கை என்னாவுறது?” என்றார் ராஜலிங்கம்.

பஹீம் ஒன்றே ஒன்று கேட்டார். “எந்தக் காலை இழுத்து நடந்தார்?”

ராஜலிங்கம் யோசித்தார். “இழுக்கல. ரெண்டு காலையுமே முட்டை மேல வைக்கிற மாதிரி வச்சு நடந்தான்.”

“நல்லது. பின்னேரம் நாங்களும் வாறோம்.”

சாயந்திரம் ராஜலிங்கத்தின் வீட்டில் ஜெயராஜ் பாதங்களைக் கதிரைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ரவிகுமார், தீர்ப்பு எழுதி முடித்த நீதிபதி போல. குசினி வாசலில் சுதர்சினி. பஹீம் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு விசாரித்தார்.

“தம்பி, உள்ளங்கால் கொப்புளம் ஆறிட்டா?”

ஜெயராஜ் கோப்பையைக் கீழே வைத்தார். “உங்களுக்கு யார் சொன்னது?”

“ஒரு கால்ல கோளாறுன்டா மத்தக் காலை ஊன்றி நடப்பீங்க. ரெண்டும் நோகுது. அதுதான் மெத்துன்டு ஈக்கிற பாத்ரூம் செருப்பு.”

ஜெயராஜ் தயங்கித் தயங்கிக் காலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு பாதங்களும் தோலுரிந்து சிவந்திருந்தன.

“கொப்புளம் வந்தா ரோட்ஸ் போனதாயிடுமா?” என்றார் ரவிகுமார்.

“படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. பின்னால நிக்கிற ரெண்டு பேரும் இவர்ட வெறுங்காலைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்க. அங்க நிக்காத ஒரு ஆள்ட காலை அவங்க எப்படிப் பார்க்க?” பஹீம் ஜெயராஜிடம் திரும்பினார். “கைடு அந்தத் தூண்களைக் கோயில்ன்டு செல்லிட்டார். அப்படித்தானே?”

“ஆமாங்க. அத்தீனா தேவி கோயில்னார். தூண் மட்டுந்தான் மிச்சம் இருக்கு. ஆனாலும் கோயில்தானே? படியிலயே சப்பாத்தைக் கழட்டிட்டேன். நடு வெயில்ல கல்லு அடுப்பா கொதிச்சது. கூட வந்தவங்களும் சிரிச்சாங்க. இங்கயும் சிரிப்பீங்கன்னுதான் சொல்லல.”

“நானும் பள்ளிவாசலுக்குப் போற ஆள்தான். வாசல்ல கால் தன்பாட்டுல செருப்பைக் கழட்டிடும்,” என்று சிரித்தார் பஹீம். “பொய்ப் படம் எடுக்கிறவன் நல்ல சப்பாத்தாப் பார்த்துப் போட்டுக்கிட்டு நிப்பான். மெய்யாப் போன நம்மட ஆள்தான் இப்படி நிப்பார்.”

ரவிகுமார் தொண்டையைச் செருமினார். “வெளிச்சம் நல்லாத்தான் விழுந்திருக்கு,” என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

“அவ்வளவு சூட்டுல நின்னு அப்படி என்ன வேண்டிக் கும்பிட்டீங்க?” என்று குசினி வாசலிலிருந்து கேட்டாள் சுதர்சினி.

ஜெயராஜ் தரையைப் பார்த்தார். “கல்யாண புரோக்கர் காட்டின போட்டோவுல இருக்கிற பொண்ணே அமையணும்னு.”

கணேஸ் கைதட்டியே விட்டார். சுதர்சினி வாசலுக்குப் போய், அந்தப் பாத்ரூம் செருப்புகளை எடுத்து வந்து கூடத்தின் நடுவே ஜெயராஜின் காலடியில் வைத்தாள். அந்த வீட்டுக்குள் அதுவரை யாரும் செருப்போடு நடந்ததில்லை. எல்லோரும் ராஜலிங்கத்தைப் பார்த்தார்கள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“போட்டுக்கங்க, மாப்பிள்ளை,” என்றார்.