டைனமோவின் மறுபக்கம்

மாதக்கணக்கில் ஓடாத வண்டியின் எஞ்சின் சூடாக இருந்தது.

அவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, பழைய எண்ணெயும் துருவும் நனைந்த சாக்கும் கலந்து வீசிய அந்தக் கொட்டகைக்குள் கணவருடைய வியர்வை வாசனையும் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள் மண்ணுக்குள் போயாயிற்று, வாசனை போகவில்லை. கட்டினவளை விட்டாலும் விடுவார், வண்டியை விடமாட்டார் என்று சொந்தபந்தமெல்லாம் கேலி பேசிய மனிதர். இந்தப் பழைய கார் கண்ணெதிரே நிற்கும்வரை அவளால் அழுது தீர்க்க முடியாது. உதிரிகள் எல்லாம் அசல் என்று உறுதியானால் அருங்காட்சியகத்தார் நாளைக்கே எடுத்துப் போய்விடுவார்கள்.

அங்கிருந்து சோதிக்க வந்தவர் ஒவ்வொரு பாகத்திலும் வார்ப்பிலேயே பதித்திருந்த எண்ணைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் படித்தார்.

"எஞ்சின் பிளாக் ஒரிஜினல்தாம்மா. கார்புரேட்டரும் அப்படியே இருக்கு. சார் தேடித் தேடிச் சேத்திருக்காரு."

டைனமோவிடம் வந்ததும் வெளிச்சம் நின்றது.

"இது மட்டும் இடிக்குது. டைனமோவைத் தாங்குற பட்டி. இரும்பு இருக்க வேண்டிய இடத்துல துருப்பிடிக்காத ஸ்டீல். வரிசையா ஓட்டை வேற. எந்தக் கார் கம்பெனியும் இப்படிச் செய்யாது."

அவள் குனிந்து பார்த்தாள். மழுங்கிய முனைகள், லேசான வளைவு. எக்ஸ்ரேயில் பார்த்ததுதான். வெகுநாளைக்கு முன் இதே வண்டி மரத்தில் மோதியபோது கணவரின் தொடையெலும்பில் டாக்டர்கள் வைத்த தகடு. அவளுக்கும் முன்கையில் ஒன்று, கொஞ்சம் சின்னது. "வண்டியில எல்லாமே ஒரிஜினல், நமக்குத்தான் டூப்ளிகேட் மாட்டிட்டாங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சிரித்தார். அந்தத் தகடு அவரோடுதான் புதைந்தது.

"இதைக் கழட்டிடவா?"

"வேணாம் சார். அவருக்கு வலிக்கும்."

வந்தவர் பரிதாபமாகப் பார்த்தார். டார்ச்சை மறுபக்கம் திருப்பினார்.

"இந்தப் பக்கம் பட்டியே இல்லம்மா. காலியா கிடக்கு. இவ்வளவு நீளம் இருந்தாப் போதும்." கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அகட்டிக் காட்டினார்.

மழை நின்றது.

வலது முன்கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே தகடு சுட்டது.

"வேணாங்க," என்றாள். டார்ச்காரர் நிமிர்ந்தார். அவள் அவரிடம் பேசவில்லை. "நான் இன்னும் இருக்கேங்க."

தோலுக்கடியில் முதல் திருகு அசைந்தது.

கால் சுற்று. நிறுத்தம். மறுபடி கால் சுற்று. மரை கெடாமல், அவசரமே இல்லாமல், அவள் கணவர் கழற்றுவதுபோலவே.