வெள்ளிக்கிழமைப் புகை

பரிசப் புடவையில் பெட்ரோல் வாடை அடித்தது.

ஹட்டனில் எடுத்து, காரின் பின் சீட்டில் வைத்துக் கொண்டுவந்த புடவை. தனுஷிகா அதை முகத்தருகே கொண்டுபோனாள். பிறகு மடித்துத் தகப்பன் முன்னால் வைத்தாள். அவள் வாய்விட்டுக் குறை சொல்லியிருந்தால்கூட முத்துலிங்கத்துக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

தேயிலைத் தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, ரோட்டோரம் சொந்த வீடு கட்டி, வாசல் மேட்டில் சொந்தக் கார் நிறுத்தியவர். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலிருந்து டேங்கை வாய்வரை நிரப்பியே வைத்திருப்பார். பேரப்பிள்ளைகள் கதவைத் திறந்துவிடாதபடி பின் கதவுகளின் உள்பிடியை வேலை செய்யாமல் பூட்டி வைத்ததும் அவர்தான். தன் காரிலிருந்து எவரும் தான் சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நாளைக்குப் பதுளையிலிருந்து ரயிலில் வரும் சம்பந்தக்காரர்களை அந்தக் காரில்தான் அழைத்துவரப் போவதாக ஊரறியச் சொல்லியிருந்தார். வாடகை வேன் என்று பேச்செடுத்த மனைவி அழகம்மாவை ஒரு பார்வையில் அடக்கியும் இருந்தார்.

கராஜிலிருந்து மெக்கானிக் ஹசன் பாஸ் வந்தார். இன்ஜின் பக்கத்துக் குழாய்களை விரலால் தடவி முகர்ந்தார். பெட்ரோல் ஊற்றும் மூடியைத் திருகிப் பார்த்தார். வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தார். கடைசியில் பின் சீட்டின் மெத்தையைக் கழற்றித் தூக்கினார். கீழே ஒரு வட்ட மூடி. அதைச் சுற்றி ஈரம் மினுங்கியது.

"இதுதாங்க ஐயா. டேங்குக்குள்ள இருக்கிற பம்போட மூடி. ரப்பர் வாசர் வெடிச்சிருச்சு. டேங்க் நெறைய இருக்கு, வண்டியும் சரிவுல நிக்குது, அதான் கசியுது."

"அப்ப புது வாசர் போடு."

"கைல இல்லீங்க. காலைல வெள்ளன கொண்டாந்து போட்டுர்றேன். பெட்டரி வயரைக் கழட்டிட்டேன். நாலு கதவையும் தெறந்தே போடுங்க, காத்து ஓடட்டும். கிட்ட நெருப்பு மட்டும் ஆகாதுங்க."

ஹசன் போன சிறிது நேரத்தில் மேல் லயத்துச் சின்னராசா அந்த வழியே வந்தான். திறந்து கிடந்த காரைப் பார்த்துவிட்டு மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டான்.

"என்னங்க கணக்கப்புள்ளை, மாப்புள்ளைக்குப் பெட்ரோல் ஷெட்டையே சீதனமாக் குடுக்கிறீங்களா? லயம் வரைக்கும் மணக்குதே."

அவன் சிரித்த சிரிப்பு வளைவு தாண்டும்வரை கேட்டது. முத்துலிங்கம் கதவுகளை ஒவ்வொன்றாக அறைந்து சாத்தினார். கழற்றிய மெத்தை வெளியே கிடந்தால் அதற்கும் ஒருவன் வாய் திறப்பான் என்று, முன் சீட்டுகளுக்குப் பின்னால் கூரைவரை அதை நெட்டுக்குத்தாகத் திணித்தார். வீட்டுக்குள் வந்த வேகத்தில் அழகம்மாவிடம் சொன்னார்.

"இன்னைக்கி வெள்ளிக்கிழமைதானே. வழக்கம்போல காருக்குள்ளயும் சாம்பிராணி காட்டு. நெறையவே போடு. அந்தப் புடவைக்கும் காட்டு."

அழகம்மா தயங்கினாள். "பாஸ் நெருப்பு ஆகாதுன்னாருங்களே."

"இந்த வீட்ல யாரு பேச்சு நடக்குது? என்னுதா, பாஸோடதா?"

அவள் அடுப்படிக்குப் போய்த் தணல் எடுக்கத் தொடங்கினாள்.

பொழுது சாயத் தேயிலை மலைகளின் மேலிருந்து மூடுபனி இறங்கி, வேலியை மறைத்து, வாசலை மறைத்து, காரை ஒரு சாம்பல் நிற மேடாக மாற்றியது. வாடை மட்டும் மறையவில்லை. அது சாத்திய சன்னல் வழியாகவும் வந்து, அவர் பூசிய திருநீற்றிலும் குடித்த தேநீரிலும் ஒட்டிக்கொண்டு, தொண்டையில் இனிப்பும் கசப்புமாகக் கிடந்தது. நெஞ்சு படபடத்தது. கோபம் என்று சொல்லிக்கொண்டார். ஒரு சொட்டு ஈரத்துக்கா இத்தனை ஆட்டம், துடைத்து எறிந்தால் தீர்ந்தது என்று பழைய சாரத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார்.

பின் கதவைத் திறந்து, மெத்தை இல்லாத இடத்தில் மண்டியிட்டு, மூடியைச் சுற்றி அழுத்தித் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி ஈரம். முழங்காலின் பாரத்தில் கார் லேசாக அசைந்தது. கீழே, டேங்குக்குள், யாரோ விழுங்குவதுபோல ஒரு சத்தம்.

களுக்.

சரிவில் நின்ற காரின் கதவு, தன் பாரத்தில், அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

அவர் உள்பிடியை இழுத்தார். அது வெறுமனே வந்து போயிற்று. மறுபக்கமும் அப்படியே. கண்ணாடியை இறக்கும் பொத்தானை அமுக்கினார். பெட்டரி வயர் கழற்றிக் கிடந்தது. முன்னால் போக மெத்தையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. நன்றாகத்தான் திணித்திருந்தார்.

வேட்டி முழங்காலில் ஒட்டியது. ஈரம். சில்லென்ற ஈரம். கண் எரிந்தது. மூச்சு இழுக்க இழுக்க வாடைதான் உள்ளே போனது. சத்தம் போட்டால் ரோட்டில் கேட்கும். சொந்தக் காரில் மாட்டிக்கொண்டான் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். யாராவது வருவார்கள்.

அப்போது பனிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

ஆடி ஆடி வந்தது. மங்கியது. ஊதியதும் மலர்ந்தது.

அழகம்மா. நீட்டிய கையில் சாம்பிராணிச் சட்டி. பயந்த முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியிருந்தாள். பின்னாலேயே தனுஷிகா, புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு.

முத்துலிங்கம் கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்தார். "நில்லுடி. கிட்ட வராத. நில்லு." இருமல் பாதியைத் தின்றது. சாத்திய கதவுகளைத் தாண்டி வெளியே போனது சொற்கள் இல்லை. உறுமல் மட்டும்.

அந்த உறுமல் அழகம்மாவுக்குத் தெரியும்.

"வந்துட்டேங்க, வந்துட்டேங்க. தணல் புடிக்க நேரமாயிருச்சு. கோவப்படாதீங்க."

நடை ஓட்டமானது. அந்தக் குரலுக்கு அவள் நின்று பழக்கமில்லை.

அவர் மீண்டும் கத்தினார். அவள் இன்னும் வேகமாக வந்தாள். பொறி பறந்தது. அவர் மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெள்ளையாகி, அதில் சிவப்பு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

வளையல் கதவில் உரசியது.

கதவு விரல் அகலம் திறந்தது. முதலில் உள்ளே வந்தது சாம்பிராணி மணம்.