பத்து நாள் தொங்கிய தாள்

மார்ச் 17, திங்கட்கிழமை, காலை 9.10. ஒஹையோவில் தண்ணீர் பம்புகள் தயாரிக்கும் சின்னத் தொழிற்சாலை. சாப்பாட்டறைப் பலகையிலிருந்து ஒரு தாளைக் காணவில்லை.

பொறியாளர் ரோடேலியோவைப் பற்றிய தாள் அது. மணிலாக்காரர். கம்பெனி அவருக்கு கிரீன் கார்டு மனு போடப்போகிறது என்ற அறிவிப்பு, பத்து வேலை நாள் எல்லாரும் பார்க்கத் தொங்கவேண்டும். பிறகு முப்பது நாள் கழித்துத்தான் மனு போகும். மனு போடும் கடைசித் தேதிக்கு இன்னும் ஆறு வாரமும் இரண்டு நாளும். தவறினால், விசா முடிந்ததும் மனைவி மகளோடு அவர் மூட்டை கட்டவேண்டியதுதான்.

"மூணாந்தேதி நானே பலகைல குத்தினேன்," என்றார் நிர்வாகி க்ரெய்க். "வக்கீல் இன்னிக்கு அசலக் கேக்கறார், வந்து பார்த்தா இல்ல. ட்ராய்தான் எடுத்திருப்பான். வெளிநாட்டுக்காரன் வேலையப் பறிக்கறான்னு பொலம்பறவன் அவன்தானே. போகட்டும், வேற தாள்ல பழைய தேதி போட்டு அனுப்பிடறேன்."

தரப் பரிசோதகர் பெவர்லிக்கு அந்தப் 'போகட்டும்' பிடிக்கவில்லை. முப்பது வருடமாக இரும்பில் விரிசல் தேடியவர். நகலை வாங்கிப் பார்த்தார். வேலையின் பெயர், ஊர், வருடச் சம்பளம் தொண்ணூற்று நாலாயிரம் டாலர், ஆட்சேபம் அனுப்ப ஒரு விலாசம். பலகையிலோ மீன்பிடிப் போட்டி, தொலைந்த பூனை, பாதுகாப்பு விதி என்று ஒன்றின் மேல் ஒன்று. தாள் இருந்ததா என்று அவராலேயே அடித்துச் சொல்ல முடியவில்லை.

9.40. லேத் மெஷின் பக்கம் ட்ராய்.

"தாளக் கிழிச்சியா?"

"எந்தத் தாள்?"

"ரோடியோட கிரீன் கார்டு தாள்."

"பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்றவன் நான், பெவ். போன வாரம் ஓவர்டைம்ல கால் மணி நேரம் கொறஞ்சதுக்கு க்ரெய்க் கதவ மூணு தடவ தட்டினேன். ஒளிச்சு வெளையாடற பழக்கம் இல்ல."

10.05. ரோடேலியோவின் முகம் வெளிறியிருந்தது.

"ரெண்டு வாரத்துல யாராவது இதப் பத்தி உன்கிட்ட பேசினாங்களா?"

"இல்லக்கா. ட்ராய் மீன் பிடிக்க வர்றியான்னு கேட்டான், அவ்வளவுதான். இப்ப அவன் மேலயே சந்தேகமா இருக்கு. யாரப் பார்த்தாலும் சந்தேகமா இருக்கு."

அதைக் கேட்டதும் பெவர்லி நேராக க்ரெய்க் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"தாள் திருடு போகல, க்ரெய்க். அது தொங்கவே இல்ல."

"என்ன பேசறீங்க?"

"அதுல சம்பளம் போட்டிருக்கு. கால் மணி நேரத்துக்கு மூணு தடவ கதவத் தட்டறவன், அடுத்தவன் சம்பளம் பத்து நாள் செவுத்துல இருந்தும் சும்மா இருப்பானா? எனக்கு எவ்வளவு ஏத்தப் போறீங்கன்னு உங்ககிட்ட ஒருத்தர் கூட வரலியே. வந்தாங்களா?"

க்ரெய்க் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஊசி குத்திய ஓட்டை ஒன்றுகூட இல்லாத தாள்.

"பார்த்தா அத்தன பேரும் வரிசைல வந்து நிப்பாங்க, பெவ். என்ன பதில் சொல்றது?"

"அதுக்கு ரோடி குடும்பத்தோட ஊருக்குப் போகணுமா? பொய்த் தேதி மாட்டிக்கிட்டா அவன் கதை முடிஞ்சுது. இன்னிக்கே குத்தினா ரெண்டு நாள் மிச்சம் இருக்கு. வக்கீலுக்கு உண்மையச் சொல்லுங்க."

10.50. பெவர்லி தன் கையாலேயே தாளைக் குத்தினார்.

12.14. சாண்ட்விச்சோடு ட்ராய் பலகை முன் நின்றான். மெல்லுவதை நிறுத்தினான்.

"தொண்ணூத்தி நாலா? ரோடி, இனிமே தூண்டில் புழு நீதான் வாங்கற."

ரோடேலியோ அன்று முதல் முறையாகச் சிரித்தார். ட்ராய் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு க்ரெய்க் அறைக்கு நடந்தான். அவன் பின்னால் நாலு பேர் எழுந்து போனார்கள்.